மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், 80இல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்?

களுவாஞ்சிக்குடியில் இருந்து தினமும் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி கேட்டதில் இருந்து வந்த கேள்வி இது. ஜப்பானில் இருந்து இறக்கிய சின்னக் கார் ஒன்று வாங்கி ஏழெட்டு மாதம் ஆகிறதாம். சில்லு பூட்டிச் சறுக்காமல் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக் இருக்கிறது, நாலு ரயரும் புதிது. அப்பா பக்கத்தில் இருந்தால் 60க்கு மேல் விடமாட்டாராம். தனியே போகும்போது 80 வரைக்கும் போவாராம். "20 தானே கூட? பிரேக்கை மிதித்தால் ரெண்டு மூன்று மீற்றர் தள்ளி நிற்கும், அவ்வளவுதானே? இதை அப்பாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, அப்பாவுக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டாம். அவர் சொல்வது சரி. அவர் அனுபவத்தில் சொல்கிறார், நான் கணக்கில் காட்டுகிறேன். வாகனத் தொழில்நுட்பம் படிப்பித்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை யாருக்கும் இது பெரிதாகத் தெரிவதில்லை.

முதலில் ஒரு விசயம். வாகனம் நிற்க எடுக்கும் தூரம் பிரேக்கை மிதித்த இடத்தில் தொடங்குவதில்லை, கண் கண்ட இடத்தில் தொடங்குகிறது. மாடு ஒன்று வீதிக்கு ஏறுகிறது. அதைக் கண் பார்க்கவேண்டும், அது மாடு என்றும் நம் பாதைக்குத்தான் வருகிறது என்றும் மூளை உணரவேண்டும், கால் அக்சிலேட்டரை விட்டு எழும்பி பிரேக்குக்கு மாறவேண்டும், மிதிக்கவேண்டும். இத்தனைக்கும் சாதாரண மனிதருக்கு ஒன்றரை செக்கன் போகும் என்று வைத்துக் கணக்குப் பார்ப்பது வழக்கம். "எனக்கு அவ்வளவு எடுக்காது" என்று எல்லா இளைஞரும் சொல்வார்கள். 30 சென்றிமீற்றர் அடிமட்டத்தை மற்றவர் விட, நீங்கள் விரலால் பிடிக்கும் விளையாட்டு இருக்கிறதே, அதில் 20 சென்றிமீற்றரில் பிடித்தால் உங்களுக்கு 0.2 செக்கன். நல்லது. ஆனால் அங்கே அடிமட்டம் விழப்போகிறது என்று தெரிந்து, விரலை விரித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். வீதியில் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டு, நாளைய வேலையை யோசித்துக்கொண்டு போகிறோம். கையும் விரலும் அல்ல, காலும் இடுப்பும் அசையவேண்டும்.

அந்த ஒன்றரை செக்கனும் கார் முழு வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 60 என்றால் ஒரு செக்கனுக்கு 16.7 மீற்றர், அப்போ 25 மீற்றர் போய்விடும். 80 என்றால் செக்கனுக்கு 22.2 மீற்றர், 33 மீற்றர் போய்விடும். இன்னும் பிரேக் பிடிக்கவே இல்லை. உங்கள் ஏபிஎஸ்ஸும் புது ரயரும் இந்தத் தூரத்தில் ஒரு உதவியும் செய்யாது.

அடுத்தது பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். நல்ல ரயர், காய்ந்த காபெட் வீதி, முழுப் பலத்தோடு மிதிக்கிறீர்கள் என்று வைப்போம். அப்படியானால் கார் ஒவ்வொரு செக்கனும் மணிக்கு 25 கிலோமீற்றர் அளவு வேகத்தை இழக்கும். 60இல் இருந்து நிற்க 20 மீற்றர் போதும். 80இல் இருந்து நிற்க 36 மீற்றர் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, பிரேக் தூரம் முக்கால் பங்கு கூடிவிட்டது. ஏனென்றால் ஓடும் காரில் இருக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரட்டித்தால் சக்தி நாலு மடங்கு. அந்தச் சக்தி முழுவதையும் பிரேக்கும் ரயரும் வெப்பமாக்கித் தீர்த்தால்தான் கார் நிற்கும்.

இரண்டையும் கூட்டுங்கள். 60இல் வந்தால் மொத்தம் 45 மீற்றர், 80இல் வந்தால் 69 மீற்றர். நீங்கள் ரெண்டு மூன்று மீற்றர் என்று நினைத்த வித்தியாசம் 24 மீற்றர். ஒரு பெரிய பஸ்ஸின் நீளம் 12 மீற்றர் அளவில் இருக்கும். இரண்டு பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு.

ஆனால் இந்த 24 மீற்றரைவிட முக்கியமான விசயம் வேறு. இதைத்தான் நான் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஒன்று 60, மற்றது 80. இரண்டு சாரதிகளும் ஒரே கணத்தில் முன்னால் ஒரு பிள்ளையைக் காண்கிறார்கள். பிள்ளை 45 மீற்றரில் நிற்கிறது. 60இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் மயிரிழையில் நிற்கிறார். 80இல் வந்தவர் அதே இடத்தைத் தாண்டும்போது என்ன வேகத்தில் தாண்டுவார்? வகுப்பில் எல்லாரும் "20" என்று சொல்வார்கள். கூட ஓடியது 20 தானே, அதுதான் மிச்சம் இருக்கும் என்று நினைப்பார்கள். சரியான விடை 65.

எப்படி? 80இல் வந்தவர் பிரேக்கில் கால் வைக்கும்போதே 33 மீற்றர் முடிந்துவிட்டது. பிள்ளைக்கும் அவருக்கும் இடையில் 12 மீற்றர்தான் மிச்சம். பிரேக் நேரத்துக்கு நேரம் ஒரே அளவு வேகத்தைத்தான் எடுக்கும், தூரத்துக்குத் தூரம் அல்ல. முதல் செக்கனில் 80இல் இருந்து 55க்கு இறங்குகிறது, அதற்குள் கார் 19 மீற்றர் ஓடிவிடுகிறது. இரண்டாவது செக்கனில் 55இல் இருந்து 30க்கு, அதற்கு 12 மீற்றர். மூன்றாவது செக்கனில் 30இல் இருந்து 5க்கு, அதற்கு வெறும் 5 மீற்றர். வேகம் கூடிய நேரத்தில்தான் பிரேக் குறைவாக வேலை செய்ததுபோலத் தெரியும். மணிக்கு 25 கிலோமீற்றரைக் குறைக்க முதலில் 19 மீற்றர் தேவைப்பட்டது, கடைசியில் 5 மீற்றர் போதுமாக இருந்தது. அதனால்தான் 12 மீற்றர் பிரேக் பிடித்தும் அவர் இன்னும் 65இல் இருக்கிறார். ஒரே பிள்ளை, ஒரே இடம். ஒருவர் காரில் இருந்து இறங்கிப் பிள்ளையை ஏசிவிட்டுப் போவார். மற்றவர் தன் வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைக் கடக்க முடியாமல் இருப்பார்.

ஊருக்குள் இது இன்னும் கொடுமை. நம் நாட்டில் கார்களுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்பது சட்டம். காத்தான்குடிக்குள்ளோ கல்லடிக்குள்ளோ 50இல் வந்தால், கண்டதில் இருந்து 35 மீற்றருக்குள் நிற்கலாம். அதே இடத்தில் 70இல் வந்தவர் 35ஆவது மீற்றரில் 62இல் இருப்பார். 80இல் வந்தவர் 78இல் இருப்பார். 78! பிரேக் மிதித்தாரா இல்லையா என்பதே பிள்ளைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கையும் இதோடு வைத்துப் பாருங்கள். நடந்துபோகும் ஒருவரைக் காரின் முன்பக்கம் மோதினால், 50இல் மோதுவதைவிட 65இல் மோதும்போது அவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு.  அதே நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது: ஒரு வீதியில் வாகனங்களின் சராசரி வேகம் நூற்றுக்கு 1 கூடினால், உயிர் போகும் விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு 4 அளவு கூடும்.

எண்கள் மனதில் நிற்காதவர்களுக்கு நான் தென்னைமரத்தைச் சொல்வேன். 50இல் போய் ஒரு சுவரில் மோதுவது, 10 மீற்றர் உயரத்தில் இருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம். 70 என்றால் 19 மீற்றர். நன்றாக வளர்ந்த ஒரு தென்னையின் வட்டில் இருந்து விழுவது அது. 80 என்றால் 25 மீற்றர், அந்த மரத்துக்கு மேலே இன்னொரு வீட்டுக் கூரை. தென்னையில் ஏறுகிறவர் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறினால் நாம் கீழே நின்று பதறுகிறோம். அதே உயரத்தைக் காருக்குள் பெல்ட் போடாமல் தினமும் ஏறி இறங்குகிறோம்.

சீட் பெல்ட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும், இது என்னை மிகவும் வருத்தும் விசயம். முன் இருக்கையில் இருப்பவர்களுக்குப் பெல்ட் கட்டாயம் என்று 2011இல் சட்டம் வந்தது. சாரதி போடுகிறார், பொலிஸ் பிடிக்கும் என்பதால். பக்கத்தில் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. கார் 50இல் எதிலாவது மோதினால், முன்பகுதி அறுபது சென்றிமீற்றர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் 10 கிலோ பிள்ளை 160 கிலோ பாரமாக முன்னால் பாயும். 70 என்றால் 320 கிலோ. எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. பாசத்தில் குறையில்லை, கைக்கு அந்தப் பலம் இல்லை. பிள்ளைக்கென்று தனி இருக்கை வாங்கிப் பின்னால் பூட்டுங்கள். பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும், போடாத ஒருவர் முன்னால் இருப்பவரின் முதுகில் அதே பாரத்தோடு வந்து விழுவார்.

சரி, இவ்வளவும் காய்ந்த வீதிக்கு. நம் பக்கத்து வீதி வருடம் முழுக்க அப்படி இருப்பதில்லை.

மழையில் ரயரின் பிடி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறையும். 60இல் வந்தால் நிற்க 56 மீற்றர், 80இல் வந்தால் 88 மீற்றர். கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்கும் முதல் மழைதான் எனக்கு மிகப் பயம். மாதக் கணக்கில் வீதியில் படிந்த எண்ணெயும் ரயர்த் தூளும் புழுதியும் அந்த முதல் தூறலில் குழைந்து சவர்க்காரம் பூசியதுபோல ஆகிவிடும். ஒரு மணித்தியாலம் நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் பரவாயில்லை. முதல் பத்து இருபது நிமிடம்தான் ஆபத்து, அந்த நேரத்தில்தான் எல்லாரும் நனையாமல் வீட்டுக்கு ஓடுகிறார்கள். அடைமழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் ரயர் தண்ணீருக்கு மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். அப்போது பிரேக்கை இறுக்கி மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, கார் தானாக வேகம் குறைந்து ரயர் தரையைத் தொடும்வரை நேராகப் பிடித்திருக்கவேண்டும்.

நெல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். படுவான்கரைப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ அறுவடைக் காலத்தில் போனால், வீதியின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, காயவைக்க அவருக்கு வேறு தளம் இல்லை. ஆனால் அந்த நெல்மணிகள் ரயருக்கும் தாருக்கும் இடையில் உருளும். கடற்கரைப் பக்கத்தில் காற்று அடித்துச் சேர்க்கும் மணலும் அப்படித்தான். உங்கள் ஏபிஎஸ் இங்கே கைவிடும். ஏபிஎஸ் செய்வது, சில்லு பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்வது. அதனால் முழுப் பிரேக்கிலும் காரைத் திருப்ப முடியும், அது பெரிய வரம். காய்ந்த தாரில் நிற்கும் தூரத்தைப் பெரிதாகக் குறைக்காது. மணலிலும் கிறவலிலும் சில வேளை கூட்டியும் விடும், ஏனென்றால் அங்கே பூட்டிய சில்லு மண்ணைக் குவித்துத் தடுக்கும், ஏபிஎஸ் சில்லைச் சுற்ற விடுகிறது. ஏபிஎஸ்ஸை நம்பி 20 கூட ஓடுகிறவர், அது கொடுக்காத ஒன்றைச் செலவழிக்கிறார்.

இப்போது இரவு. இதை நான் புத்தகத்தில் இருந்து சொல்லவில்லை.

பல வருடங்களுக்கு முன் அக்கரைப்பற்றில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு இரவு பத்தரை மணிபோலத் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய கார், ஏபிஎஸ் இல்லாத காலம். மனைவி பக்கத்தில். குருக்கள்மடம் தாண்டிக் கிரான்குளத்துக்கு வருகிற வழி. 70இல் வந்தேன். எதிரே லொறி வந்ததால் லைட்டை டிம் செய்திருந்தேன். லொறி கடந்த உடனே வீதி நடுவில் கறுத்த மாடு ஒன்று, குறுக்கே நின்றது. அசையவே இல்லை. நான் மிதித்த மிதியில் நாலு சில்லும் பூட்டிக் கத்தின. அப்படியும் போய் மோதினோம். கண்ணாடி நொறுங்கி மடியில் கொட்டியது. மனைவி பெல்ட் போட்டிருந்தார், இல்லையென்றால் இந்தப் பதிலை எழுதும் மனநிலை எனக்கு இருந்திருக்காது. மாடு அந்த இடத்திலேயே செத்தது. அது கன்றுத்தாய்ச்சி என்று விடிந்த பிறகு சொன்னார்கள்.

அடுத்த நாள் அளவு நாடாவோடு அந்த இடத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. சறுக்கிய தடம் மோதிய இடம்வரை 16 மீற்றர் இருந்தது. வீதிக்கரையில் குந்தியிருந்து கணக்குப் போட்டேன். 70இல் வந்து 16 மீற்றர் பிரேக் பிடித்தால் மோதும் வேகம் 45. ஒன்றரை செக்கனில் ஓடிய 29 மீற்றரையும் கூட்டினால், நான் மாட்டைக் கண்டது 45 மீற்றரில். டிம் லைட்டில் கறுத்த மாட்டை அதற்கு முன் யாராலும் காண முடியாது. 70இல் நிற்க வேண்டியதோ 56 மீற்றர். அதாவது அந்த இரவில் நான் வந்த வேகத்தில் என் லைட்டுக்குள் நிற்கவே முடியாது. பிரேக்கில் பிழையில்லை, என் காலிலும் பிழையில்லை. களுவாஞ்சிக்குடியில் 70ஐத் தொட்ட நேரத்திலேயே அந்த மோதல் தீர்மானமாகிவிட்டது. 60இல் வந்திருந்தால் மாட்டுக்கு முன்னால் நின்றிருப்பேன்.

அன்றில் இருந்து இரவில் ஒரே ஒரு கேள்விதான் எனக்கு: என் லைட் காட்டும் தூரத்துக்குள் என்னால் நிற்க முடியுமா? டிம்மில் போனால் 50, 55க்கு மேல் நான் போவதில்லை. கட்டாக்காலி மாடுகளுக்கு இரவில் வீதிதான் படுக்கை, தார் சூட்டுக்கு வந்து படுக்கும். பின் லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, பிரதிபலிப்பான் இல்லாத சைக்கிள், அம்பாறைப் பக்கம் போனால் காட்டு யானை. யானை சாம்பல் நிறம், வீதியும் சாம்பல் நிறம், அதன் கண் நம் லைட்டின் உயரத்திலும் இல்லை. ஆடி மாதம் நெருங்கும்போது கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியச் சாமம் தொடங்கி இந்த வீதிக் கரையில்தான் நடக்கிறார்கள், பொத்துவில், உகந்தை என்று. அவர்களுக்கு முதுகுப் பக்கமாகத்தான் நாம் வருகிறோம்.

நடப்பவர்கள் என்றதும் வயதானவர்களை நினைக்கிறேன். களுதாவளையிலோ ஆரையம்பதியிலோ ஒரு ஆச்சி வீதியைக் கடக்கப் பார்க்கிறார். அவர் உங்கள் வேகத்தைப் பார்ப்பதில்லை, தூரத்தைப் பார்க்கிறார். "தூரத்தில்தானே வருகிறது" என்று இறங்குகிறார். வீதி 7 மீற்றர் அகலம், அவர் நடை செக்கனுக்கு ஒரு மீற்றர். அவருக்கு 7 செக்கன் வேண்டும். நீங்கள் 100 மீற்றரில் 50இல் வந்தால் அந்த இடத்துக்கு வர 7.2 செக்கன் ஆகும், ஆச்சி அக்கரை சேர்ந்துவிடுவார். 80இல் வந்தால் 4.5 செக்கன். ஆச்சி நடு வீதியில். அவருடைய கணக்கு பிழையில்லை. ஐம்பது அறுபது வருடமாக இந்த வீதியைக் கடந்து பழகிய கணக்கு அது. கிடங்கு விழுந்த வீதியில் பஸ்ஸும் லொறியும் 40இல் ஆடி ஆடி வந்த காலத்தில் பழகியது. கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்தால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகும், மற்றப் பக்கம் காத்து நிற்கும். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் வந்தது, யுத்தம் முடிந்தபின் வீதியெல்லாம் காபெட் ஆனது. நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் வீதி மாறிய வேகத்தில் ஆச்சியின் கண் மாறவில்லை. மாறவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நேரக் கணக்கும் பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டில் இருந்து மட்டக்களப்புக்கு 30 கிலோமீற்றர் என்றே வைப்போம். ஒரு இடத்திலும் நிற்காமல், ஒரே வேகத்தில் 60இல் போனால் 30 நிமிடம், 80இல் போனால் 22 நிமிடம் 30 செக்கன். இலாபம் ஏழரை நிமிடம். ஆனால் தேற்றாத்தீவு, செட்டிபாளையம், தாழங்குடா, காத்தான்குடி, நாவற்குடா என்று ஊர் ஊராக இறங்கி ஏறும் வீதி அது. பாடசாலை விடும் நேரம், சந்தை, பஸ் நிறுத்தம். 80ஐத் தொட்டாலும் அரைக் கிலோமீற்றர்தான் பிடிக்க முடியும், பிறகு பிரேக். நேரம் பார்த்துக்கொண்டு ஒரு கிழமை 80 வரை போய்வந்ததையும், ஒரு கிழமை 60இல் போய்வந்ததையும் எழுதிவைத்துப் பாருங்கள். என் மாணவர் ஒருவர் இதே வீதியில் எழுதிவைத்தார், இரண்டு நிமிடமும் மிஞ்சவில்லை. பெட்ரோல் மட்டும் கூடப் போயிருந்தது.

எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டினால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் 50க்கு இறங்குவோம். அந்த 50 நமக்கு முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மாடு நிற்கிறது என்று லைட் அடிப்பதை நான் கண்டது குறைவு. அதற்கும் அடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கையிலேயே வைத்திருக்க ஒரு கணக்குச் சொல்கிறேன். வேகத்தைப் பத்தால் வகுங்கள். 60 என்றால் 6. அதை நாலால் பெருக்கினால் பிரேக்குக்கு முன் ஓடும் தூரம், 24 மீற்றர். அதே 6ஐ 6ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் காய்ந்த வீதியில் பிரேக் தூரம், 18 மீற்றர். மழை என்றால் பாதியாக்க வேண்டாம், 36ஐ அப்படியே எடுங்கள். துல்லியம் இல்லை, ஆனால் ஓட்டிக்கொண்டே மனதில் போடலாம். போனைப் பார்த்தால் அதற்கு மேல் தனிக் கணக்கு: 80இல் போகும்போது இரண்டு செக்கன் போனைக் குனிந்து பார்த்தால் 44 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள்.

முன்னால் போகும் வாகனத்துக்குப் பின்னால் எவ்வளவு விடுவது என்றால், அது ஒரு லைட் கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று ஆறுதலாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் கிட்டப் போய்விட்டீர்கள். மழையில் ஆயிரத்து நான்கு வரை எண்ணுங்கள். பெரிய பஸ், லொறியின் காற்றுப் பிரேக் மிதித்த உடனே பிடிக்காது, குழாய்களில் காற்று நிரம்பச் சற்று நேரம் எடுக்கும். அதனால் அவற்றுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு நுழைந்து பிரேக் அடிப்பதைப்போல ஒரு ஆபத்து வேறில்லை. "ஆள் ஏற்றினால் கார் நிற்க நேரம் எடுக்குமா?" என்றும் சிலர் கேட்பார்கள். வெறும் பௌதிகத்தில் பாரம் கூடினால் ரயரின் பிடியும் கூடும், தூரம் பெரிதாக மாறாது. நடைமுறையில், ஐந்து பேரும் பொதிகளும் ஏறிய சின்னக் காரின் பிரேக் அதிகம் சூடேறும், காற்றுக் குறைந்த ரயர் நெளியும். கண்டிக்குப் போகும்போது மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு என்ற மலைப்பாதையில் ஏறுகிறோமே, திரும்பி இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பிரேக் கருகி மணக்கும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கீழ் கியரில் விட்டு எஞ்சினால் இழுத்துப் பிடித்து இறங்குங்கள்.

உங்கள் ரயர் புதிது என்றீர்கள். வாங்கிய நாள் புதிதாக இருக்கலாம், செய்த நாளைப் பாருங்கள். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ தேயாமலே இறப்பர் இறுகிப்போன ரயர் மழையில் பிடிக்காது. காற்று அளவு சாரதிக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும், மாதம் ஒருமுறை ரயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும், வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கராஜில் சொல்லி மாற்றிவிடுங்கள்.

அப்பாவோடு பேசத்தான் வழி கேட்டீர்கள். ஞாயிறு காலை அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுப் படலையில் இருந்து வீதிக் கரையால் நடங்கள். சாதாரண நடையில் ஒரு எட்டு முக்கால் மீற்றர் அளவில் வரும். 60 எட்டு வைத்து நில்லுங்கள், 60இல் வருகிறவர் நிற்க அவ்வளவு தூரம் வேண்டும். இன்னும் 32 எட்டு வைத்தால் 80இல் வருகிறவருக்கு வேண்டிய தூரம். மாரியில் என்றால் அங்கிருந்து இன்னும் 25. அந்த இடத்தில் நின்று திரும்பி, உங்கள் படலையடியில் ஒரு பிள்ளை நின்றால் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.